யாரென்று கேட்காதவள்

அவள் பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நான் மறப்பது அடுப்பில் வைத்த பாலை; ஆட்களை அல்ல. 'யாரு?' என்ற ஒரு கேள்வியை ஆறு வருடம் வாயில் வரவிடாமல் வைத்திருந்தவளைப் பற்றிச் சொல்லும்போது, அவள் யார் என்பதை முதல் வரியிலேயே போட்டு உடைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மலேசியாவின் ஈப்போவில் நான் வேலை செய்யும் நில அளவை அலுவலகத்துக்குக் கணினி பார்க்க வந்தவள் அவள். எங்கள் சம்பளக்காரி அல்ல. அந்த மாதிரி நாலைந்து அலுவலகங்களைத் தனியாளாகச் சமாளித்துக்கொண்டிருந்தாள். காஞ்சில் என்ற ஒரு பழைய சின்னக் கார், பின் சீட்டில் கேபிள் சுருள்கள், முன் சீட்டில் புந்தோங்கில் வாங்கிய கச்சான் பூத்தே ஒரு பொட்டலம். வறுத்த கடலையும் பட்டாணியும் ஓமப்பொடியும் கலந்த அந்தப் பொட்டலம் இல்லாமல் அவள் எந்தக் கணினியையும் தொட்டு நான் பார்த்ததில்லை. போனில் பேசினாலும் மறுமுனையில் நறுக் நறுக்கென்று சத்தம் கேட்கும். சத்தம் நின்றால் எதையோ பிடித்துவிட்டாள் என்று அர்த்தம்.

அவள் 'ஹலோ' சொல்லமாட்டாள். எடுத்ததும் இதுதான்:

"சொல்லுக்கா, என்ன மாறிச்சு?"

"ஒண்ணும் மாறலலா. திடீர்னு வரல."

"திடீர்னு மழை கூட வராதுக்கா. மேகம் வந்திருக்கும். யோசிச்சுச் சொல்லு. நேத்து நல்லா இருந்துச்சு, இன்னைக்கு இல்ல. நடுவுல என்ன மாறிச்சு?"

இந்த 'என்ன மாறிச்சு'தான் அவள் படிப்பு, அவள் தொழில், அவள் வேதம் எல்லாம். கல்லூரியில் எதையோ பாதியில் விட்டவள். மீதியை அவளாகவே கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். நானும் அப்படித்தான் வரைபடம் போடக் கற்றுக்கொண்டேன். அதனாலோ என்னவோ எங்கள் இரண்டு பேருக்கும் முதல் வாரத்திலேயே ஒட்டிக்கொண்டது.

எங்கள் முதலாளியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அவர் யாழ்ப்பாணத்து வம்சம். பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஈப்போதான். பேச்சு மட்டும் அவர் அப்பா கப்பலில் கொண்டுவந்த பேச்சு. நல்ல மனிதர். ஆனால் எது கெட்டுப்போனாலும் அவருக்கு முதலில் ஆள் வேண்டும். பிரிண்டரில் தாள் சிக்கினால், "ஆர் போட்டது?" சுவரில் கறை பட்டால், "ஆர் சாய்ஞ்சு நிண்டது?" ஆள் கிடைத்தபிறகுதான் கறையைத் துடைக்கவே விடுவார்.

ஒரு ஆயுத பூசை முடிந்த மறுநாள். அலுவலகத்துக்கு வெளியே இருந்து வேலை செய்கிற எவராலும் சர்வருக்குள் நுழைய முடியவில்லை. எங்கள் நில வரைபடங்கள் எல்லாம் அந்தச் சர்வரில்தான் இருக்கின்றன. காம்பாரில் வெயிலில் நின்று அளந்துகொண்டிருந்த இரண்டு பேர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் போட்டுக் கத்தினார்கள். முதலாளி அறைக்கு நடுவே நின்று, "நேற்று ஆர் அந்தப் பெட்டியைத் தொட்டது?" என்றார். ஏழு பேர் இருந்தோம். ஏழு பேரும் அவரவர் விரல் நகத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தோம்.

அவள் வந்தாள். பெட்டியைப் பார்க்கவில்லை. தேநீர் போடும் அம்மாவைப் பார்த்து, "நேத்து பூசை நல்லா நடந்துச்சாம்மா? என்னெல்லாம் செஞ்சீங்க?" என்றாள்.

"நல்லா நடந்துச்சும்மா. சுண்டல் செஞ்சோம், பொங்கல் வச்சோம், எல்லா மெசினுக்கும் சந்தனம் குங்குமம் வச்சோம். உன் பெட்டிக்கு மட்டும் பெரிய மாலை. அதுதானே இந்த ஆபீஸுக்கே பெரிய சாமி!"

மாலை என்றால் சாதாரண மாலை இல்லை. கல்யாண மாப்பிள்ளைக்குப் போடுகிற கனத்தில் சாமந்தி மாலை. ரவுட்டரையும் சர்வரையும் சேர்த்துச் சுற்றி, இரண்டும் மூச்சுவிடுகிற துவாரத்தை அப்படியே அடைத்துக்கொண்டு கிடந்தது. ரவுட்டர் சூடாகி மயங்கிப்போயிருந்தது. அவள் மாலையை எடுத்துச் சுவரில் இருந்த சரசுவதி படத்துக்கு மாட்டினாள். பெட்டிக்குக் கொஞ்சம் காற்றுக் காட்டினாள். அரைமணியில் எல்லாம் ஓடியது.

"மாலை போட்டது ஆர்?" என்று முதலாளி மறுபடி ஆரம்பித்தார்.

"அது எதுக்குங்க ஐயா? அடுத்த வருசம் பெட்டிக்குப் பொட்டு மட்டும் போதும்னு சொல்லிருவோம். பக்தியைக் கொறைக்க வேணாம், மூக்கை அடைக்க வேணாம்."

அந்த வருடத்திலிருந்து எங்கள் அலுவலகத்தில் அது சட்டம்.

ஏன் இவள் 'யாரு' என்று கேட்பதே இல்லை என்று ஒருநாள் அவளிடமே கேட்டேன். சர்வரில் ஒரு பழைய வரைபடத்தைத் திறந்து திரையில் விரலை வைத்தாள். கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். எங்கள் அலுவலகம்தான் அதை அளந்து வீட்டு மனைகளாகத் துண்டு போட்டது.

"இந்தா, நாப்பத்தொண்ணாம் நம்பர் மனை. இங்கதான் எங்க லயத்து வரிசை வீடுங்களுக்குத் தண்ணி வர்ற பைப்பு இருந்துச்சு. ஒரு ஞாயித்துக்கெழம ஒரு கல்யாணம். பந்தல்ல சேறாகுதுன்னு யாரோ பைப்பை அடைச்சுட்டாங்க. கல்யாண சந்தோசத்துல தொறக்க மறந்துட்டாங்க. மறுநாள் தண்ணி இல்ல. தோட்டத்துக் கணக்குப் பார்க்குற கிராணி வந்து நின்னுக்கிட்டு, 'யாருடா கை வச்சது? யாருடா கை வச்சது?'ன்னு மெரட்டுறாரு. லயமே ஊமையாயிடுச்சு. மூணு நாள் எங்கம்மா ஆத்துல தண்ணி தூக்குனாங்க. 'ஞாயித்துக்கெழம என்னா நடந்துச்சு?'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நாய் கூடச் சொல்லியிருக்கும், கல்யாணம்னு."

சொல்லிவிட்டு ஒரு பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டாள்.

"யாருன்னு கேட்டா வாய் மூடும். என்னான்னு கேட்டா வாய் தொறக்கும். அவ்ளோதான்க்கா என் கம்ப்யூட்டர் படிப்பு."

இப்படி அவள் உதிர்த்ததையெல்லாம் நான் நாள்காட்டித் தாள்களின் பின்பக்கம் எழுதிவைத்திருக்கிறேன். "வெளக்கு பொய் சொல்லாது, ஆனா முழுசாவும் சொல்லாது." இது ரவுட்டரின் பச்சை விளக்கைப் பற்றி. "அவசரமா அடைச்சு அவசரமா தொறந்தா அதுக்குப் பேரு ரிப்பேர் இல்ல, வேண்டுதல்." இது எதற்கெடுத்தாலும் சுவிட்சைத் தட்டுகிறவர்களைப் பற்றி. கடைசியாக ஒன்று: "கதவு தொறக்கலன்னா சாவியத் திட்டாதே. மொதல்ல நீ நிக்கிறது எந்த வீட்டு வாசல்னு பாரு." இதன் அர்த்தம் எனக்குப் புரிய ஒரு புதன்கிழமை தேவைப்பட்டது. அந்தக் கதைதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்ததே.

என் வீடு சிலிம் ரிவர் என்ற ஊரில் இருக்கிறது. வாரநாட்களில் ஈப்போவில் ஒரு அறையில் தங்கி, வெள்ளிக்கிழமை ரயிலேறி வீட்டுக்கு வருவது வழக்கம். வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும்தான். அவர் லாரி ஓட்டியவர். டிசம்பர் மழையில் மோட்டார் சைக்கிளில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. ஆறு மாதம் காலை ஊன்றக்கூடாது என்றார் டாக்டர். ஒரு வாய்த் தண்ணீருக்கும் ஆள் வேண்டிய நிலையில் அவரை விட்டுவிட்டு நான் எப்படி ஈப்போ போவது?

முதலாளியிடம் போய் நின்றேன். அவர் கொஞ்சநேரம் மேசையைத் தட்டினார். "சரி பிள்ளை. வீட்டிலிருந்து செய்து பாருங்கோ. ஆனால் வேலை தடைப்படக்கூடாது. தடைப்பட்டால் உங்கட கதிரைக்கு நான் வேற ஆளைப் போடத்தான் வேணும்" என்றார். குற்றம் சொல்ல முடியாது. என் வரைபடம் முடிந்தால்தான் மற்றவர்கள் வேலையே நகரும்.

வீட்டிலிருந்து ஆபீஸ் சர்வருக்குள் போக அவள் எனக்கு வழி போட்டுக் கொடுத்தாள். அதற்கு விபிஎன் என்று பெயர். "ஒண்ணும் இல்லக்கா. உன் வீட்டு மேசைக்கும் ஆபீஸ் அலமாரிக்கும் நடுவுல ஒரு சொரங்கம். வெளியாளு கண்ணுக்குத் தெரியாது" என்றாள். எந்த நம்பரில் சர்வர் இருக்கிறது, எதை அழுத்தவேண்டும் என்று கொட்டை எழுத்தில் ஒரு தாளில் எழுதி, மேசைக்கு மேலே சுவரில் ஒட்டச் சொன்னாள்.

அந்த நம்பருக்கும் ஒரு கதை உண்டு. அலுவலகத்தின் உள்ளே இருக்கிற ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நம்பர், எல்லா நம்பரும் ஒரே வரிசை. லயத்தில் வீட்டு நம்பர் போடுவதுபோல. அந்த வரிசை ஒன்பதாக இருக்கவேண்டும், சர்வர் நூற்றெட்டாக இருக்கவேண்டும் என்று முதலாளி ஆசைப்பட்டார். ஒன்பது அவர் ராசி. நூற்றெட்டு அவர் தேங்காய் உடைக்கிற கணக்கு. "மெசினுக்கு ராசி கெடையாது, ஐயா மனசுக்கு இருக்கு, போட்டுட்டுப் போவோம்" என்று அவளும் சிரித்துக்கொண்டே போட்டுக்கொடுத்துவிட்டாள்.

மூன்று வாரம் சுரங்கம் அருமையாக ஓடியது. காலையில் என் வீட்டுக்காரருக்குத் தோசை ஊற்றிக் கொடுத்துவிட்டு, எட்டரைக்குப் பொத்தானை அழுத்தினால் நான் ஈப்போவில் இருப்பேன். சிலிம் ரிவரில் இருந்துகொண்டே ஈப்போவில் உட்கார்ந்திருப்பது எனக்கு ஏதோ சித்து வேலை கைவந்ததுபோல் இருந்தது.

நாலாவது வாரம் திங்கட்கிழமை. பொத்தானை அழுத்தினேன். 'இணைந்தது' என்று பச்சையாகக் காட்டியது. ஆனால் சர்வரைத் திறந்தால் திறக்கவில்லை. செவ்வாயும் அப்படியே. மற்ற எல்லோருக்கும் திறந்தது, எனக்கு மட்டும் இல்லை. செவ்வாய் மாலை முதலாளி போன் செய்தார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஏழு வரைபடம் நிக்குது பிள்ளை. வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பம். சரிவரேல்ல எண்டால் திங்கள் நீங்கள் இஞ்ச வரவேணும். வர ஏலாது எண்டால்…" என்று நிறுத்திக்கொண்டார்.

போனை வைத்துவிட்டு அறைக்குள் பார்த்தேன். என் வீட்டுக்காரர் காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வேலை போனால் அந்த வீட்டில் வேறு வருமானம் இல்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தது தெரியாததுபோல் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

புதன்கிழமை காலை அவள் என்னைப் போனில் பிடித்தாள். இரண்டு நாளாக ஆபீஸ் பக்கம் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டிருந்தாள். அங்கே குறை ஒன்றும் இல்லை.

"சொல்லுக்கா, என்ன மாறிச்சு?"

"ஒண்ணுமே மாறலம்மா. சாமி சத்தியமா."

"சரி. உன் கைப்போன் இன்டர்நெட்டப் போட்டு கம்ப்யூட்டர இணைச்சுப் பாரு. வீட்டு வைஃபை வேணாம்."

செய்தேன். திறந்தது! மெதுவாக, முக்கி முனகிக்கொண்டு, ஆனால் திறந்தது. எங்கள் வீட்டில் கைப்போன் சிக்னல் ஜன்னலோரத்தில் ஒரு கோடுதான் வரும். ஒரு வரைபடம் வருவதற்குள் ஒரு பானை சோறு வெந்துவிடும். அதை வைத்து வேலை பார்க்க முடியாது.

"அப்ப கோளாறு உன் வீட்டுக்குள்ளதான் இருக்கு. வீட்டு வைஃபைக்கே திரும்பி வா. கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையத் தொற. சர்வரோட நம்பர் சொவத்துல இருக்குல்ல, அதைக் கூப்பிட்டுப் பாரு. பதில் வருதா?"

"வருதும்மா! வருது!"

"வருதா? எவ்ளோ நேரத்துல?"

"ரெண்டு மில்லிசெகண்டுன்னு காட்டுது."

நறுக் சத்தம் நின்றது.

"சிலிம் ரிவர்லேர்ந்து ஈப்போ போய்ட்டுத் திரும்ப ரெண்டா? மாம்பழத்துக்கு உலகம் சுத்துன மயில் கூட அவ்ளோ வேகமாப் போகலக்கா. இது ஈப்போவே போகல. பக்கத்துலயே எவனோ 'உள்ளேன் ஐயா'ன்னு கைதூக்குறான். வீட்டுல இப்ப என்னெல்லாம் ஓடுது?"

"காத்தாடி, ஐஸ் பெட்டி, டிவி…"

"டிவி பிளக்கப் புடுங்கு."

புடுங்கினேன். "ஏய்! என்னாலா இது? நல்ல கட்டம் ஓடுது!" என்று உள்ளேயிருந்து அவர் குரல்.

"இப்ப கூப்பிடு."

கூப்பிட்டேன். பதில் இல்லை. இரண்டாவது முறையும் இல்லை. பிளக்கைச் சொருகி, டிவி கண்விழித்ததும் மறுபடி கூப்பிட்டேன். பதில் வந்தது, இரண்டு மில்லிசெகண்டில்.

அவள் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. கடலை போன இடம் தெரியவில்லை. "அக்கா! மூணு நாளா நீ உன் வீட்டு டிவிக்கிட்ட நிலத்து வரைபடம் கேட்டுக்கிட்டு இருந்திருக்க! அதுவும் பாவம், எங்கிட்ட இருக்கிறது சினிமாதான்னு முழிச்சுக்கிட்டு இருந்திருக்கு!"

எனக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள்.

"ஆபீஸ்ல ஒன்பதாம் லயம், நூத்தெட்டாம் வீடு சர்வர். இப்ப உன் வீட்டுலயும் ஒன்பதாம் லயம், நூத்தெட்டாம் வீடு டிவி. தபால்காரன் கையில ஒரே விலாசத்துல ரெண்டு வீடு. கிட்டத்துல இருக்கிற வீட்டுலயே குடுத்துட்டுப் போயிடுறான். சொரங்கத்துப் பக்கமே அவன் வர்றதில்ல."

"முன்னாடி அப்படி இல்லையேம்மா?"

"இல்ல. முன்னாடி உன் வீட்டு வரிசை ஒண்ணு. நான்தானே அன்னைக்குப் பார்த்தேன். இப்ப ஒன்பது ஆயிருக்கு. சரி, ரவுட்டர் அடியில ஒட்டியிருக்கிற பாஸ்வேர்டப் போட்டு உள்ள போ. பழையபடி மாத்திருவோம். ரொம்ப செனாங்லா, சுலபம்."

போட்டேன். 'தவறான கடவுச்சொல்' என்றது. மறுபடி போட்டேன். மறுபடி அதுவே.

 டிவி சத்தம் தானாகக் குறைந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, டிவியைப் பார்க்காமல், மேசைக்கு மேலே ஒட்டியிருந்த அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கைப்போனில் ஏதோ வீடியோ பார்த்து, 'டிவி இனி சிக்காதுலா, நான் சரி பண்ணிட்டேன்' என்று அவர் சந்தோஷப்பட்டது இப்போதுதான் ஞாபகம் வந்தது. படுத்த நாளிலிருந்து அவர் 'நான் சரி பண்ணிட்டேன்' என்று சொன்னது அந்த ஒருமுறைதான்.

எனக்கோ வெள்ளிக்கிழமை கண்முன்னால் நிற்கிறது. வாய் திறந்துவிட்டேன். "இந்த வீட்டுல யாரு…"

"அக்கா!" போனுக்குள்ளிருந்து ஒரு வெட்டு. அவள் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றுதான். "அந்தக் கேள்வி வேணாம். ரவுட்டர மொத்தமா அழிச்சா கம்பெனிக்காரன் வந்துதான் திருப்பிப் போடணும், ஒரு வாரம் ஆகும். நமக்கு நாள் இல்ல. போன ஒலிபெருக்கியில போட்டுட்டு நீ போய்த் தேத்தண்ணி போடு."

போட்டேன். அடுப்படிக்குப் போனேன். காது மட்டும் வெளியேதான் இருந்தது.

"அண்ணே, காலு எப்படி இருக்கு?"

"ம்… இருக்கும்மா."

"அண்ணே, ஒரு ஒத்தாச செய்யணும். நான் இங்க ஈப்போவுல மாட்டிக்கிட்டேன். அங்க ரவுட்டர் பக்கத்துல இருக்கிறது நீங்க ஒரு ஆம்பளதான். அக்கா தேத்தண்ணி போடப் போயிருச்சு. வரிசை நம்பர மாத்தணும். ஒன்பது ஆபீஸுக்கு ஆயிடுச்சு. உங்க வீட்டுக்கு வேற நல்ல ராசியா ஒண்ணு சொல்லுங்களேன்."

 அடுப்பில் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தது.

"மூணு போடலாமா?" என்றார் அவர். "மூணு குரு."

"அட, அருமையான நம்பர்ணே! எனக்குத் தோணவே இல்ல பாருங்க."

தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் மடிக்கணினியை நல்ல தொடைமேல் வைத்து, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். கடவுச்சொல் கேட்கிற பெட்டி. விரல் நிற்காமல் எட்டு எழுத்து அடித்தது. கதவு திறந்தது. அவள் அங்கிருந்து, "என்ன பாஸ்வேர்ட்?" என்று கேட்கவில்லை, "ஓ, உங்களுக்குத் தெரியுமா?" என்றும் கேட்கவில்லை. "அடுத்த பக்கத்துக்குப் போங்கண்ணே" என்றாள், ஒன்றுமே நடக்காததுபோல. பத்து நிமிடத்தில் எங்கள் வீடு மூன்றாம் லயம் ஆனது. அவர் முகத்தில் வியர்வை. ஆனால் லாரியை ஒரு குறுகலான சந்தில் பின்பக்கமாக ஓட்டி நிறுத்தியவரின் முகமும் அதுதான்.

சர்வர் திறந்தது.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். முதலாளி விடுவாரா? வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவர் அறையில் அவளை உட்காரவைத்து, என்னை வீடியோவில் கூப்பிட்டார். மேசைமேல் எனக்குப் பதிலாக வரப்போகிறவருடைய விண்ணப்பம் ஒன்று கிடந்தது. மறைக்கக்கூட இல்லை. எங்கள் வீட்டில் கேமராவுக்கு வெளியே என் வீட்டுக்காரர் முக்காலியில் காலை நீட்டிக்கொண்டு, டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இப்ப ஓடுது. சரி. நாளைக்கும் ஓடும் எண்டு நான் எப்படி நம்புறது? எனக்கு ஆளைச் சொல்லுங்கோ. ஆர் இந்த நம்பரைக் குழப்பினது?"

 சொன்னால் என் வீட்டுக்காரர் மானம் போகும், சொல்லாவிட்டால் என் கதிரை போகும்.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நான்தான் ஐயா."

"நீங்களோ?"

"ரெண்டு பக்கமும் ஒரே நம்பர் வந்தாத்தான் இந்தக் கோளாறு. ஆபீஸ் பக்கம் ஒன்பது போட்டது நான். யார் வீட்டுலயும் வர வாய்ப்பில்லாத நம்பரா, ஆயிரம் பேர்ல ஒருத்தனுக்குக்கூடத் தோணாததாப் பார்த்து அன்னைக்கே போட்டிருக்கணும். நல்ல நம்பர்னா நாலு பேர் வைக்கத்தானே செய்வாங்க? எனக்கு அது தெரியணும். தெரியாமப் போட்டேன். இந்த ஞாயித்துக்கெழம வந்து மாத்திக் குடுத்துடுறேன். இனிமே யார் வீட்டுலயும் இது வராது."

  ஒன்பது கேட்டது யார் என்று அந்த அறையில் இருந்த இரண்டு பேருக்கும் தெரியும். வீடியோவில் இருந்த எனக்கும் தெரியும். அவள் அதை மட்டும் சொல்லவில்லை. திரையில் முதலாளியின் காது நுனி சிவந்ததை நான் பார்த்தேன்.

அப்போதுதான் என் பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம். "பார்த்து, பார்த்து!" என்று நான் சொல்வதற்குள் என் வீட்டுக்காரர் மேசையைப் பிடித்து ஒற்றைக்காலில் எழுந்து, கேமராவுக்குள் தலையை நுழைத்துவிட்டார்.

"ஐயா, வணக்கம். நான் இவ வீட்டுக்காரன். வீட்டுப் பக்கம் ஒன்பது போட்டது நான்தான். நூத்தெட்டும் நான்தான். ஆபீஸ் நல்லா நடக்குதே, அந்த நம்பர் நமக்கும் வரட்டுமேன்னு சொவத்துலேர்ந்து பார்த்துப் போட்டேன். அந்தத் தங்கச்சி மேல ஒண்ணும் இல்ல."

அவரை ஒருவரும் கேட்கவில்லை. மூன்று நாளாக ஒருவரும் கேட்கவில்லை.

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டினார்.

"ஒன்பதுதான் வேணும், நூற்றெட்டுதான் வேணும் எண்டு அந்தப் பிள்ளையை அரியண்டப்படுத்தினது நான்" என்றார் மெதுவாக. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, மிகவும் மனத்தாங்கலோடு, "மூண்டு பேரும் ஒப்புக்கொண்டாச்சு. இப்ப நான் ஆரை ஏசுறது?" என்றார்.

"யாரையும் ஏச வேணாம் ஐயா," என்றாள் அவள். "அக்காவுக்கு ஏழு வரைபடம் நிக்குது."

அவர் அந்த விண்ணப்பத்தை எடுத்து, இரண்டாக மடித்து, இழுப்பறைக்குள் போட்டார். "முதலில் காம்பார் நிலத்தை முடியுங்கோ, பிள்ளை" என்றார்.